இல்லாத கையின் நோவு

நோவைக் குறிக்கும் சொற்கள் நம் தமிழில் மிகப் பல. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிவு, இசிவு, உளைச்சல், தெறிப்பு, திமிர் என இவை ஒன்றுக்கொன்று வேறானவை. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பேசும் நோயாளி எவரும் இலர். பல்லில் தோன்றுவது குடைச்சல். மூட்டில் தோன்றுவது கடுப்பு. தீப்பொறி பட்ட இடத்தில் தோன்றுவது எரிவு. சீழ்கோத்த விரலோ ‘விண்விண்’ணென்று தெறிக்கும். இரட்டைக்கிளவி இரட்டித்தே வருமென்றும், பிரித்தால் பொருள் தாராதென்றும் வகுப்பில் பயில்கின்றோம். அவ்விலக்கணத்தின் உண்மையை அறிய விரும்புவார் நகச்சுற்று வந்த விரலையுடையாரைக் கேட்டறிக. இனி, இந்நாளில் யாவரும் வழங்கும் ‘வலி’ என்னும் சொல்லுக்குப் பண்டைப் பொருள் ஆற்றல் என்பதாம். திருவள்ளுவனார் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தது அரசன் ஆற்றலறிதலைக் குறித்தேயன்றி நோவறிதலைக் குறித்தன்று. ஆற்றலைக் குறித்த சொல் எவ்வாறு நோவைக் குறிக்கலாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. இசித்து இழுக்கும் நோவுக்கு முதலில் வழங்கிப் பின்னர் எல்லா நோவுக்கும் பொதுவாயிற்றோ என யாம் ஐயுறுவதுண்டு. அதனை எம் ஆசிரியர்களுக்கு விட்டுவிடுகின்றோம்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் மொழியாராய்ச்சியன்று. இல்லாத உறுப்பொன்று நோகுமோ என்பதே எம் வினா. இவ்வினா எமக்கு நூலகத்தில் தோன்றவில்லை. எம் இல்லத்துத் திண்ணையில் தோன்றியது.

எம் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியை அடுத்துள்ளது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையினை இரயிலிற் செல்வோரும் நெடுஞ்சாலையிற் செல்வோரும் புகைபோக்கிகளால் அறிவர். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகளும், தகடு வெட்டும் பட்டறைகளும், பிற தொழிலகங்களும் அங்கே மிகுதி. எம் தந்தையாருக்கு இளையவர், எமக்குச் சித்தப்பா, இத்தகைய உருட்டாலையொன்றில் பதினோராண்டு வேலை பார்த்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் இரவு முறையில் அவரது வலக்கை உருளைகளுக்கிடையே அகப்பட்டது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் முழங்கைக்குக் கீழே அதனை நீக்கி உயிரைக் காத்தனர். புண் நன்றாக ஆறியது. தழும்பும் செவ்வனே அமைந்தது.

ஆயினும் இரண்டு திங்கள் கழித்து அவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத கையின் விரல்கள் மூடிக்கொண்டு விட்டனவென்றும், நகங்கள் உள்ளங்கையிற் பதிந்து துளைக்கின்றனவென்றும், திறக்க முயன்றாலும் திறக்கவில்லையென்றும் கூறலானார். ஆலையின் மேலாளர் ஒருவர், இது கூடுதற் பணம் பெறுவதற்கான நடிப்பென்றார். ஒரு மருத்துவர், மனப்பிரமையென்று கூறித் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். ஊரில் முதியோர் சிலர், வெட்டிய கையை முறைப்படி புதைத்தார்களோ இல்லையோ என்று பேசிக்கொண்டனர். யாமோ அப்பொழுது பள்ளியிறுதி வகுப்பில் இருந்தோம். அறிவியல் கற்றோமென்னும் செருக்கும் உடன் இருந்தது. “இல்லாத கை எப்படி நோகும், சித்தப்பா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டோம். அவர் எம்மைச் சற்று நேரம் பார்த்தார். “அது சரிதான், தம்பி” என்றார். அதன் பின்னர் ஓராண்டுக் காலம் எம் முன்னிலையில் அவர் தம் கையைப் பற்றி ஒரு சொல்லும் பேசிற்றிலர். நோவு நின்றுவிட்டதென்றே யாம் கருதியிருந்தோம்.

நிற்க. இக்கல்லூரியிற் சேர்ந்தபின், பொதுக் கட்டுரைப் போட்டியொன்றின் பொருட்டு நூல்களைத் துருவுகையில், ‘பாந்தம்ஸ் இன் தி பிரெயின்’ என்னும் ஆங்கில நூல் எம் கைக்கு அகப்பட்டது. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலை விளையனூர் சு. இராமச்சந்திரன் என்னும் மூளையியல் அறிஞர் சாண்ட்ரா பிளேக்ஸ்லி என்னும் எழுத்தாளருடன் கூடி இயற்றினார். அதன் தொடக்க அதிகாரங்களைப் படித்த அன்றிரவு யாம் உறங்கவில்லையென்று கூறின் அது மிகையன்று. எம் சித்தப்பா திண்ணையிற் கூறிய சொற்களே கடல் கடந்த ஊரில் வேறு நோயாளிகளின் வாயினின்றும் அதிற் பதிவாகியிருந்தன: விரல் மூடுதல், நகம் பதிதல், திறக்கவியலாமை.

இராமச்சந்திரன் 1951-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் பிறந்தவர். நம் அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்த சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். அங்கு மாணவராயிருந்த காலத்திலேயே, இரு கண்களாற் காணும் பொருள்களுக்கு ஆழம் எவ்வாறு தோன்றுகின்றதென்பதைப் பற்றிய ஆய்வைத் தோழர்களுடன் எழுதி 1973-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற ஏட்டில் வெளியிட்டார். அதன்பின் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் ஆய்ந்து பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2007-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. எமக்கு வியப்பளித்தது பிறிதொன்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழியாகச் சென்னைக்கு வரும் புறநகர் இரயிலின் தடத்திற்கு அண்மையிலேயே, வடசென்னையிற் பழைய சிறைச்சாலை வீதியில், அந்த ஸ்டான்லி உள்ளது. சிதைந்த கைகளைச் சீரமைப்பதற்கென்றே ஒரு தனி நிலையம் அமைந்து பெயர் பெற்ற மருத்துவமனையும் அதுவே. அவ்விரயில்வழியிற் கை சிதைந்து வருவார் பலர்க்குப் புகலிடமான இடத்திற் படித்தவரே, போன கையின் நோவை ஆராய்ந்து நூல் எழுதியுள்ளார். அந்நூலை யாம் ஆங்கிலத்தில், தற்செயலாகக் கண்டெடுக்க வேண்டியிருந்தது.

இல்லாத உறுப்பை உணர்தல் புதியதொரு செய்தியன்று. 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் படைமருத்துவர் அம்புருவாஸ் பாரே இதனைக் குறித்துள்ளார். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் 1797-ஆம் ஆண்டில் டெனெரீப் தீவுப் போரில் வலக்கையை இழந்தார். பின்னரும் அக்கையினை உணர்ந்த அவர், கை அழிந்தும் அதன் உணர்வு அழியாமையால் உடல் அழிந்தும் ஆன்மா அழியாதென்பது பெறப்படும் என்று கருதினாராம். ஆன்மா உண்டென்பதற்கு யாம் இச்சான்றை நாடுவதில்லை. எனினும், தம் உணர்வைப் பொய்யென்று தள்ளாது அதற்கொரு பொருள் தேடிய அவரது நேர்மையைப் பாராட்டுகின்றோம். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் புண்பட்ட படைஞரைப் பேணிய வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், இச்செய்தியை 1866-ஆம் ஆண்டிற் பெயர் குறிக்காமல் ஒரு கதையாகவே முதலில் எழுதினார். கைகால் அனைத்தையும் இழந்த கற்பனை வீரனைப் பற்றிய அக்கதையை உண்மையென்று நம்பி மக்கள் அவனுக்குப் பணம் அனுப்பினரெனக் கூறுவர். ஐந்தாண்டு கழித்து, 1871-இல், தம் பெயருடன் எழுதியபொழுது அவர் இதற்கு இட்ட பெயரே ‘பேயுறுப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராய் இன்றும் வழங்குகின்றது. பேய் என்னும் சொல் எம் ஊராரிடத்து வேறு அச்சங்களை எழுப்புமாதலின், யாம் இதனை மாயவுறுப்பு என்றே வழங்குவோம்.

உறுப்பை இழந்தாருட் பெரும்பாலோர் மாயவுறுப்பை உணர்கின்றனர். அவருட் பாதிக்கு மேற்பட்டார்க்கு அது நோகின்றது. அந்நோவு எங்கிருந்து வருகின்றது? வெட்டுண்ட நரம்பின் நுனியிற் கட்டி தோன்றி அது மூளைக்குப் பொய்ச்செய்தி அனுப்புகின்றதென்பதே நெடுங்காலம் வழங்கிய விடை. அதனால் எஞ்சிய கையை மேலும் சிறிது வெட்டினர். நரம்பை மேலும் உயரத்தில் அறுத்தனர். சிலர்க்கு நோவு சில திங்கள் தணிந்து மீண்டும் வந்தது. ஆகவே நுனியை மட்டும் குற்றங் கூறுதல் போதாதென்பது தெளிவாயிற்று.

இராமச்சந்திரன் மூளையை நோக்கினார். மூளையின் மேற்பரப்பில் உடலுறுப்புகளுக்கென்று தனித்தனி இடங்கள் உள்ளனவென்பதைக் கனடா நாட்டு அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்டு 1930-களிலேயே வரைந்து காட்டியிருந்தார். அவ்வரைபடத்திற் கைக்குரிய இடத்தின் அண்டையிலிருப்பது முகத்துக்குரிய இடம். இராமச்சந்திரன், கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சுநுனியால் அவர் கன்னத்தைத் தொட்டார். அவ்விளைஞர் தம் கன்னத்தையும், இல்லாத கையின் விரலையும், ஒருங்கே தொடக் கண்டார். கன்னத்தில் ஓர் இடம் பெருவிரல், மற்றோரிடம் சுண்டுவிரல் என்று முகத்தின் மீதே ஒரு கை வரையப்பட்டிருந்தது. இவ்வகைச் செய்திகளை இராமச்சந்திரன் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கையிலிருந்து செய்தி வாராதொழிந்த வெற்றிடத்தில் முகத்தின் செய்தி புகுந்துவிட்டதென்பது அவரது கொள்கை. குடியானவன் ஊரைவிட்டகன்ற நிலத்தில் அயலான் வேலியைத் தள்ளிப் போடுதல் போன்றதெனக் கொள்க.

இது நிற்க, மூடிய விரல் ஏன் திறவாது? அதற்கு அவர் கூறிய விளக்கம் எமக்கு மிகவும் இனியது. கையை மூடுகவென மூளை ஆணையிடுகின்றது. கை மூடியதென்னும் செய்தி கண்வழியும் தசைவழியும் மூளைக்கு மீள்கின்றது. உடனே ஆணை தணிகின்றது. கை இல்லாதவிடத்து மீட்சிச் செய்தி இல்லை. ஆகவே மூளை மேலும் மேலும் ஆணையிடுகின்றது. விரல்கள் மேலும் மேலும் இறுகுவதாக உணர்கின்றது. இறுகினால் நோகுமென்பது அதன் பழைய நினைவாதலின் நோவும் உடன் எழுகின்றது. இன்னும், துண்டிக்கப்படுமுன்பே நரம்பறுந்து நெடுநாள் அசைவற்றுக் கிடந்த கையாயின், ‘அசையாது’ என்னும் பாடத்தை மூளை கற்றுவிடுகின்றது. கை போனபின்னும் அப்பாடம் போவதில்லை. கற்ற முடக்கம் என்று இதனை அவர் கூறினார். கற்றதனை மறக்கச் செய்தல் இயலுமோ? கண்ணுக்கு ஒரு கையைக் காட்டினால் இயலுமென்று அவர் எண்ணினார்.

அவர் செய்த கருவி ஒரு காகித அட்டைப் பெட்டி. மேல்மூடியை நீக்கி, நடுவே ஒரு கண்ணாடியை நெட்டாக நிறுத்தி, முன்பக்கத்தில் இரண்டு துளைகளிட்டார், அவ்வளவே. நோயாளி நல்ல கையை ஒரு துளையிலும், மாயக்கையை மற்றொரு துளையிலும் நுழைத்து, நல்ல கையின் பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியுள் நோக்க வேண்டும். இடக்கையின் நிழல் கண்ணாடியில் வலக்கையாகத் தோன்றுமன்றோ? போன கை மீண்டும் வந்து இருப்பதாகவே கண் காணும். இனி இரு கைகளையும் ஒருசேர மூடித் திறக்குமாறு மனத்தால் ஆணையிட்டால், கண்ணாடியிலுள்ள கை ஆணைப்படி திறக்கும்.

1995-இல் ஒரு குறிப்பாகவும், 1996-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் விரிவாகவும் இவ்வாய்வு வெளிவந்தது. பின்னையதில் 10 நோயாளிகளைப் பற்றிய செய்தி உள்ளது. அவருள் 6 பேர், கண்ணாடியில் கை அசையக் கண்டவுடன் மாயக்கையும் அசைவதாக உணர்ந்தனர். டி. எஸ். என்னும் குறியால் மட்டும் சுட்டப்படும் ஒருவர், பத்தாண்டுகளாகத் தம் மாயக்கையில் எவ்வசைவையும் அறியாதவர்; கண்ணாடியை நோக்கிய கணமே அசைவு திரும்பிற்று. அவர் அப்பெட்டியை இல்லத்துக்குக் கொண்டுசென்று மூன்று வாரம் பழக, மாயக்கை சுருங்கி மறைந்து விரல்கள் மட்டும் தோளருகே எஞ்சின. விரல் இறுகும் நோவுடைய 5 பேருள் 4 பேர்க்குக் கண்ணாடியின் துணையால் விரல் திறந்து இசிவு தணிந்தது. கண்ணாடியின்றி அவர்களால் திறக்கக் கூடவில்லை. இத்தனைக்கும் ஆன செலவு ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடியும்!

படிப்பார் இவ்விடத்தில் ஐயுறுதல் வேண்டும், யாமும் ஐயுற்றோம். புதிய மருந்து எதுவாயினும், நல்லதென்று நம்பி உண்பார்க்குச் சிறிது நலம் தருமென்பதை யாரறியார்? கண்ணாடி வேலை செய்ததோ, நம்பிக்கை வேலை செய்ததோ? இதனை அறிவதற்கு வாஷிங்டனில் அந்நாளிலிருந்த வால்டர் ரீடு இராணுவ மருத்துவமனையில் ஒரு சோதனை நடத்தி, 2007-ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் ஏட்டில் வெளியிட்டனர். கால் இழந்தவர் 22 பேர் சேர்க்கப்பெற்று, 18 பேர் இறுதிவரை இருந்தனர். அவர்களை மூன்று பகுதியாகப் பிரித்தனர். முதற் பகுதியார் கண்ணாடியை நோக்கிக் கால்களை அசைத்தனர். இரண்டாம் பகுதியார் துணியால் மூடிய கண்ணாடியின்முன் அவ்வாறே செய்தனர். மூன்றாம் பகுதியார் கண்ணை மூடிக்கொண்டு மனத்தளவில் மாயக்காலை அசைத்தனர். நாடோறும் 15 நிமிடம், நான்கு வாரம். முடிவில், கண்ணாடி நோக்கிய 6 பேர்க்கும் நோவு குறைந்தது. மூடிய கண்ணாடியினருள் ஒருவர்க்கே குறைந்தது, மூவர்க்கு மிகுந்தது. மனத்தால் மட்டும் அசைத்தாருள் இருவர்க்குக் குறைந்து நால்வர்க்கு மிகுந்தது. பின்னர் மற்றப் பகுதியினருள் 9 பேர் கண்ணாடிக்கு மாற, 8 பேர்க்கு நோவு குறைந்தது. முதற் பகுதியாருள் இருவர், இழந்த காலைக் கண்ணாடியிற் கண்டவுடன் சிறிது நேரம் துயருற்றனரென்றும் அவ்வறிக்கை ஒரு வரியிற் கூறுகின்றது. ஆய்வறிக்கையில் அத்தகைய வரியொன்றைக் காண யாம் எதிர்பார்த்திலம்.

இத்துணை அழகிய கதையில் முரண்பாடு இல்லாதிருக்குமோ? உளது. 18 பேர் என்பது சிறு தொகை. பின்வந்த ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கியவர்கள், பயன் உண்டெனத் தோன்றினும் சான்று போதிய வலுவுடையதன்றென்றே எழுதியுள்ளனர். 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், உறுப்பு இருந்தும் நாட்பட நோகும் ஒருவகை நோயாளர் 8 பேரிடம் இம்முறையைச் சோதித்தபொழுது, நோய் தொடங்கிய சில வாரங்களில் வந்தார்க்கு உடனே நலமும், ஈராண்டுக்கு மேற்பட்டார்க்கு நோவு தணியாமையும் கண்டனர். நோவும் கடனைப் போல நாட்பட நாட்பட வட்டி ஏறுவது போலும். விளக்கத்தையும் மறுப்பார் உளர். கைக்குரிய இடத்தில் அயலுறுப்பு எத்துணை புகுந்ததோ அத்துணை நோவு மிகுமென்று 1995-இல் செருமானிய அறிஞர் ஹெர்த்தா ஃபுளோர் குழுவினர் கண்டனர். 2013-இல் தமார் மேக்கின் என்பார் குழுவினரோ, நோவு மிக்காரிடத்தில் கையின் இடம் கெடாமலே உள்ளதென்றனர். 2025-ஆம் ஆண்டில், கை நீக்கப்படுமுன்னும் நீக்கப்பட்ட பல ஆண்டுகள் பின்னும் அதே நோயாளரின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டு, கையின் வரைபடம் பெரிதும் மாறவில்லையென்று அவர்கள் மேலும் உறுதிப்படுத்தினர். அங்ஙனமாயின், அயலான் வேலியைத் தள்ளினான் என்று யாம் மேலே கூறிய உவமை பிழையாகிவிடும். நிலத்துக்குரியவன் இன்னும் அங்கேயே குடியிருக்கின்றான். அவ்வுவமையை அழித்துவிட எண்ணிப் பின்னர் விட்டுவைத்தோம். அறிவியல் எவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்கின்றதென்பதற்கு அது ஒரு சான்றாகட்டும். விளக்கம் தவறாயினும் மருந்து தவறாதல் வேண்டுமென்பதில்லை. கொய்னாவின் செய்கையை அறியுமுன்பே அதன் பட்டை காய்ச்சலைத் தீர்த்ததன்றோ?

இராமச்சந்திரனின் ஆய்வால் விளைந்த பெரும்பயன் பெட்டியினும் பிறிதொன்றென்பது எம் கருத்து. நோயாளியின் சொல்லை அவர் தொடக்கத்திலேயே நம்பினார். ‘விரல் மூடியிருக்கின்றது’ என்றவரிடம், ‘உமக்கு விரல் இல்லை’ என்று வாதாடாமல், ‘திறந்து பார்ப்போம்’ என்றார். நாட்பட்ட நோவை ஆராய்வாரிடையே இந்நெறி மெல்ல வேரூன்றியுள்ளது. மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டில், நோவுச் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மேற்செல்கின்றதென்றும், மூளை அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லதென்றும் கூறினர். அம்மெல்சாக்கே 1975-இல் நோயாளிகள் வழங்கும் 78 நோவுச் சொற்களை 20 வகையாகப் பகுத்து ஒரு வினாத்தாள் அமைத்தார். தமிழ் பயில்வோர் மனங்கொள்ளத்தக்க செய்தி இது: சொல்லாராய்ச்சி மருத்துவமாயிற்று! குத்தலுக்கும் குடைச்சலுக்கும் வேறுபாடு அறிந்த மொழியில் அத்தகைய பட்டியலொன்று தொகுக்க நம் தமிழ்ச் சங்கத்தார் முற்படுவாராயின், யாமும் உடன்வருவோம். உலக நோவாராய்ச்சிக் கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் நோவின் இலக்கணத்தைத் திருத்தியபொழுது, ஒருவர் தமக்கு நோகின்றதென்று கூறின் அக்கூற்று மதிக்கப்படல் வேண்டுமென்பதையும் குறிப்பாகச் சேர்த்தனர்.

நம் நாட்டுச் சட்டமோ உறுப்பை அளந்ததேயன்றி நோவை அளக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், ஒரு கை போனால் ஈட்டுந்திறனில் நூற்றுக்கு 60, பெருவிரல் போனால் 30 எனக் கணக்கிட்டிருந்தனர். தோளோடு போனால் 90. நோவுக்கென்று அவ்வட்டவணையில் ஒரு வரியும் இல்லை. எம் சித்தப்பாவின் தாள்களிலும் 60 என்னும் எண்ணே இருந்தது. இரவில் உறங்காமைக்கு எண் ஏது?

வேலூரில் பணியாற்றிய பால் பிராண்டு என்னும் மருத்துவரையும் ஈண்டு நினைக்கின்றோம். 1914-இல் கொல்லிமலையில் மிஷன் பணியாளர் இல்லத்திற் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் தேய்வது நோயின் நேர்ச்செயலன்று, நோவு உணராமையின் விளைவே என்று கண்டார். நோவு அறியாத கை கொதிக்கும் பானையைப் பற்றும். புண்ணை மறந்து உழைக்கும். அங்கே கை இருந்தும் நோவு இல்லை. இங்கே நோவு இருந்தும் கை இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவம் பயின்றவர் ஒருவரும் பயிற்றியவர் ஒருவரும் ஒரே புதிரின் இரு முனைகளைப் பற்றியிருக்கின்றனர்.

எம் செய்திக்கு வருவோம். சென்ற ஆண்டு மிக்கேல்மாத விடுமுறையில் யாம் சித்தப்பாவிடம் சென்று, முதலில் மன்னிப்புக் கேட்டோம். பின்னர் விரல் இன்னும் மூடியிருக்கின்றதா என்று கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. “உனக்கு யார் சொன்னது?” என்றார். நூலிலுள்ளவற்றை வாய்விட்டுத் தமிழிற் கூறினோம். கேட்டுக்கொண்டே வந்தவர், நகம் பதியும் இடத்தை அடைந்தவுடன், “நிறுத்து, தம்பி, அதை மறுபடி சொல்” என்றார். மறுபடி கூறினோம். சின்னம்மா அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்கள். அவர்களும் இரண்டாண்டுகளாக இதனை முழுதும் நம்பியிருக்கவில்லையென்று பின்னர் எம்மிடம் கூறினார்கள்.

மருத்துவர் ஒருவரைக் கலந்து, தீங்கில்லையென்று அவர் கூறியபின், விடுதித் தோழர் இருவரும் யாமும் பெட்டியொன்று செய்தோம். கண்ணாடியைப் பொன்னேரிக் கடைத்தெருவில் 180 ரூபாய்க்கு வாங்கினோம். செய்ய விரும்புவார்க்குச் சில குறிப்புகள்: கண்ணாடி முழங்கை முதல் விரல்நுனி வரை காட்டத்தக்க நீளமுடையதாதல் வேண்டும். விளிம்பில் ஒட்டுத்தாள் சுற்றுக. நல்ல கையில் மோதிரம், கைக்கடிகாரம் இருத்தலாகாது. போன கையில் அவை இல்லாமையால் கண் ஏமாறாது. மெல்ல அசைத்தல் வேண்டும். விரைந்தால் தலை சுற்றும். துயரமோ நோவோ மிகின் உடனே நிறுத்துக. உடன் ஒருவர் இருத்தல் நன்று.

முதல் நாள் ஒன்றும் நேரவில்லை. சித்தப்பா எமக்காகச் சிறிது நேரம் இருந்துவிட்டு எழுந்தார். மறு ஞாயிறு மாலை, தாமே பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இடக்கையை மூடினார்; திறந்தார்; மூடினார்; திறந்தார். பத்தாம் முறையோ பதினைந்தாம் முறையோ அவர் தோள் தளர்ந்தது. “விட்டுவிட்டது” என்றார். எது என்று யாரும் கேட்கவில்லை. பின்னர்க் கண்ணாடியிலுள்ள கையைப் பார்த்தபடியே அழுதார்.

அன்றிரவே நோவு திரும்பிற்றென்பதையும் எழுதுதல் எம் கடன். நாடோறும் காலையிற் கால் மணி நேரம் பழகி, நாட்காட்டித் தாளில் நோவுக்கு 0 முதல் 10 வரை எண்ணிட்டு வந்தார். முதற் கிழமையில் 8-ம் 9-மாக இருந்தவை, ஆறாம் கிழமையில் 4-ம் 5-மாயின. நோவின்றி உறங்கிய இரவுகளும் சில. மார்கழிக் குளிரில் மீண்டும் ஏறின. மாத்திரையை முற்றும் விடவில்லை. ஒருவரது செய்தி ஆய்வாகாது. இது கண்ணாடியின் பயனோ, இரண்டாண்டுக்குப் பின் வீட்டார் தம்மை நம்பியதன் பயனோ என்று எம்மைக் கேட்பின், பிரித்துக் கூற எம்மால் இயலாது. மூடிய கண்ணாடியை வைத்து அவரைச் சோதிக்கும் மனமும் எமக்கு இல்லை.

சென்ற மாதம் ஊருக்குச் சென்றபொழுது பெட்டி திண்ணையில் இல்லை. தொழிற்பேட்டையில் இடக்கையை இழந்த ஒடிசா நாட்டு இளைஞர் ஒருவர், பக்கத்துத் தெருவில் வாடகையறையிலிருப்பவர், வந்து எடுத்துச் சென்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பாவுக்கு அவர் மொழி தெரியாது. இல்லாத விரல்களை இறுக மூடிக் காட்ட இருவர்க்கும் கை இல்லை; எவ்வாறு உணர்த்திக்கொண்டனரோ அறியோம். கண்ணாடியை மட்டும் மறுபுறம் திருப்பி வைக்க வேண்டியிருந்ததாம்.